ஏழு கிலோ நூறு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹாஃபிஸாவின் சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தினேன். மாலை ஏழு மணிக்கு அவள் அதை எடுத்துப்போக வருகிறாள். அதற்குள் ஆறு பேரிங்குகளை மாற்ற வேண்டும். மாற்றியது தெரியாமல் கொடுத்துவிட வேண்டும்.

புதிய பேரிங்குகள் ஃபிரீசரில் இருந்தன. ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, உறையின் மேல் எண் எழுதி வைத்திருந்தேன். குளிர்ந்தால் இரும்பு கொஞ்சம் சுருங்கும், உள்ளே போக எளிது.

"மீன் வச்சிருக்கேன் அதுக்குள்ள. வாடை புடிச்சுக்கிட்டா எங்கிட்டக் கேக்காத," என்றாள் அம்மா.

"இரும்புல வாடை புடிக்காதும்மா."

"எவர்சில்வர் சட்டில புடிக்குதுல்லா. இது மட்டும் என்ன மகாராணியா?"

அம்மாவின் பழைய குழிப்பணியாரச் சட்டியைக் கேட்டு வாங்கினேன். ஏழு குழிகள். கழற்றும் போல்ட்டுகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு, ஓரத்தில் சீட்டு ஒட்டினேன். நான் வாஷியில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் எழுதாத எதையும் மேசை மேல் வைக்க எனக்குக் கை வராது.

இது மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள். பின் பாதி முன் பாதியோடு கீல் போட்ட கதவு மாதிரி இணைந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறும்போது பின் பாதி மேலே மடங்கும், நடுவில் உள்ள ஷாக் அதைத் தாங்கும். அந்தக் கீல்களுக்குள்தான் பேரிங்குகள். அவை ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். அதனால் தண்ணீர் போனால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து துருப்பிடிக்கும்.

ஹாஃபிஸாவும் நானும் செம்பூரில் ஒன்றாக வேதியியல் படித்தோம். அவள் பேசுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். அவளைத் தவிர எனக்கு அப்படி வேறு யாரும் இல்லை. வாஷி ஸ்டேஷனில் இறங்க, ரயில் வாசலில் நிற்பவர்களிடம் வழி கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு முறை அடுத்த ஸ்டேஷனான சான்பாடா வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது முறை அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ரயில் வாஷிக்கு முந்தின மான்குர்தைத் தாண்டும் நேரத்துக்கு எனக்கு மெசேஜ் அனுப்புவாள்: "எந்திரி." ஒரு மாதம் தினமும் அனுப்பினாள்.

இரண்டு வருடம் சேர்த்து வைத்து, இந்தச் சைக்கிளைப் பழையதாக வாங்கினாள். ஜூன் மாதம் ஆபீசில் அவளைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். போகும்போது அதன் பூட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"நிறுத்தி வச்சா செத்துப்போயிரும்டி. நீ ஓட்டு. விழுந்தாலும் பரவால்ல, நிறுத்தாத."

ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆள் எழுவதற்கு முன்னால். முலுண்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதைக்கு இரண்டு முறை போனேன். நான் டிராக் பேன்ட்டில் வெளியே கிளம்பினால் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். வேண்டாம் என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அப்பா சொன்னார்: "நாளைக்கு ஒஞ் சைக்கிளையும் கடைக்குக் கொண்டா."

அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக்கடை. வருடா வருடம் பூஜைக்குக் கடையில் உள்ள எல்லாம் குளிக்கும். தராசு, படிக்கல், ஸ்கூட்டர், சரக்கு சைக்கிள்கள், ஷட்டரின் பூட்டு வரை. என்னுடையது என்று எதுவும் அந்த வரிசையில் நின்றதில்லை. என் புத்தகங்கள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும், அவ்வளவுதான். நான் சைக்கிளைத் துடைத்துவிட்டு, திலக் நகரிலிருந்து தாராவிக்கு ஓட்டிக்கொண்டே போனேன்.

கடைக்குப் பக்கத்தில் டாக்ஸி கழுவும் இடம் இருக்கிறது. அங்கேயிருந்து பிரஷர் பைப்பை இழுத்து வரச் சொல்லி, அப்பாவே பிடித்தார்.

"சந்துலதான் அழுக்கு இருக்கும்," என்று ஒவ்வொரு மூட்டுக்கும் நேரே வைத்து அடித்தார்.

பிறகு புதுத் துண்டால் துடைத்தார். பிறகு உள்ளே போய், ஊரிலிருந்து வரும் செக்கு நல்லெண்ணெயைக் கரண்டியில் எடுத்து வந்து, மூட்டு மூட்டாக விட்டார். வழிந்ததை விரலால் திரும்பத் தள்ளினார். சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"செல்வி சைக்கிள். காட்டுக்கெல்லாம் போறா இதுல," என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொன்னார். அது யாருடைய சைக்கிள் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை, மேலே எண்ணெய் அடைத்துக்கொண்டது. நல்லெண்ணெய் காற்றுப் பட்டால் நாளடைவில் பசையாகும். இரண்டும் எனக்கு அங்கே நிற்கும்போதே தெரியும். பைப்பைக் கையில் எடுத்தபோதே சொல்லியிருக்கலாம். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் பொரியைத் தின்றுகொண்டு நின்றேன்.

இரண்டு வாரம் சைக்கிள் சத்தமே போடவில்லை. ஹாஃபிஸா ஓட்டும் காலத்திலிருந்தே அதில் 'கிரிச்' என்று ஒரு சின்னச் சத்தம் உண்டு. அதுவும் போய்விட்டது.

"எப்படி ஓடுது?" என்று அப்பா கேட்டார்.

"நல்லா ஓடுதுப்பா."

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது. மிதிக்கும்போதெல்லாம் நறநறவென்று. தீபாவளிக்குள் பின் பாதியைக் கையால் அழுத்தினால்தான் இறங்கியது. இறங்கினால் யோசித்து யோசித்து மேலே வந்தது. ஹாஃபிஸா வாரம் ஒரு முறை கேட்பாள்: "என் செல்லம் எப்படி இருக்கு?" நான் ஃபோட்டோ அனுப்புவேன். ஃபோட்டோவில் சத்தம் கேட்காது.

மாட்டுங்காவில் ஒரு சைக்கிள் கடையில் காட்டினேன். பேரிங்குகளை ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். உள்ளே என்ன போயிற்று என்று கேட்டார்கள். மழை என்றேன். பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும் என்று படித்திருந்தேன். அதைக் குறித்துக்கொண்டு, மெஷின் சாமான் விற்கும் நாக்தேவி தெருவுக்குப் போனேன். அங்கே எண்ணைச் சொன்னால் "கித்னா?" என்று, எத்தனை வேண்டும் என்பதை மட்டும் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

ஹாஃபிஸா கேட்டால் என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்திருந்தேன். "சர்வீஸ் பண்ணேன்." அவ்வளவுதான். ரயிலில் மனதுக்குள் சொல்லிப் பழகினேன்.

பதினொரு மணிக்குச் சக்கரம், ஷாக், எல்லா போல்ட்டுகளும் வெளியே வந்துவிட்டன. பின் பாதி தனியாகக் கழன்று என் மடியில் இருந்தது. முதல் பேரிங்கின் ரப்பர் மூடியை ஊக்கால் நெம்பினேன். உள்ளே பழுப்புப் பசை, வாணலியின் வெளிப்பக்கத்தில் பிடித்திருக்கும் பிசுக்கு மாதிரி. அதற்கு அடியில் துரு. வாடையும் வந்தது. பழைய முறுக்கு டப்பாவின் வாடை.

பின்பக்கத்திலிருந்து கம்பியை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன். கீழே தலையணை. சின்னவை நான்கும் வந்தன. பெரியதில் ஒன்று வந்தது. இன்னொன்றில் மூன்றாவது தட்டுக்கு உள்வளையமும் குண்டுகளும் மட்டும் கழன்று பேப்பரில் கொட்டின. குண்டுகள் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடின. வெளிவளையம் ஃபிரேமுக்குள் தங்கிவிட்டது.

மெல்லிய வளையம். குழியின் சுவரோடு சுவராக இருந்தது. கம்பி வைத்துத் தட்ட விளிம்பு இல்லை. உட்புறப் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை மட்டும் கொஞ்சம் நின்றது. தட்டினால் வழுக்கிப் போய் அலுமினியத்தைக் கீறியது. பழையது வராமல் புதியது போகாது. புதியது போகாமல் இரண்டு பாதியும் சேராது. மணி ஒன்று. ஏழு மணிக்கு ஹாஃபிஸா வந்து பேப்பரில் பரப்பிய தன் சைக்கிளைப் பார்ப்பாள்.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா நின்றாள்.

"என்னட்டி, அழுதியா?"

"இல்ல."

"அப்பம் ஏன் மூக்க உறிஞ்சுத?"

"தொடைக்கிற பெட்ரோல் வாடை."

அம்மா குனிந்து பார்த்தாள். வளையத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினாள்.

"டம்ளருக்குள்ள டம்ளர் மாட்டிக்கிட்ட மாதிரிலா இருக்கு," என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். புதிய பேரிங்குகளைச் சுருங்கட்டும் என்று ஃபிரீசரில் வைத்தது நான்தான். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்று பரீட்சையில் எழுதியதும் நான்தான். அதையே திருப்பிப் போட்டு ஃபிரேமைச் சூடாக்கத் தோன்றவில்லை.

"அம்மா, இட்லித் துணி குடு. சுடுதண்ணியும்."

"அதுக்குள்ள ஐஸ வையி. வெளிய துணி. டம்ளருக்கு அப்படித்தான செய்வோம்," என்றவள் ஏற்கெனவே அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

கொதிக்கும் தண்ணீரில் நனைத்த துணியை இடுக்கியால் எடுத்து ஃபிரேமின் வெளிப்பக்கம் சுற்றினோம். வளையத்துக்குள் ஐஸ் கட்டியை அழுத்திப் பிடித்தேன். விரல் மரத்துப்போனது. துணி ஆற ஆற அம்மா மாற்றினாள். நான்காவது துணிக்கு ஸ்க்ரூடிரைவரை வைத்து எதிரெதிர் ஓரங்களில் மெதுவாகத் தட்டினேன். ஒரு மயிரிழை நகர்ந்தது. ஆறாவது துணிக்கு வளையம் பேப்பரில் விழுந்து சுற்றி அடங்கியது.

"அம்புட்டுத்தான்," என்றாள் அம்மா. "இப்பம் சாப்புடு. இட்லித் துணி ரெண்டு நீ வாங்கித் தரணும், இது இனிமே ஆகாது."

அப்போதுதான் கதவு திறந்தது. அப்பா.

சனிக்கிழமைகளில் அவர் ராத்திரி கடையடைத்துத்தான் வருவார். அன்று வாஷி மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்கப் போனவர், திரும்பும் வழியில் சாப்பிட வந்துவிட்டார். கையில் செருப்போடு வாசலில் நின்றார்.

"என்னட்டி இது, காயலாங்கடை போட்டிருக்க?"

"சர்வீஸ்பா."

பையை வைத்துவிட்டு அருகில் குத்த வைத்து உட்கார்ந்தார். அப்பாவால் எதையும் தொடாமல் பார்க்க முடியாது. பருப்பைப் பார்த்தால் அள்ளுவார், மிளகாயைப் பார்த்தால் கிள்ளுவார். பேப்பரில் கிடந்த பழைய பேரிங் ஒன்றை எடுத்தார். பசையை விரலிடுக்கில் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

நான் ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இது நம்ம எண்ணெய்லா," என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சிக்கு வாடை அடிக்குது. ஆனா நம்ம எண்ணெய்தான்." இன்னொன்றை எடுத்து முகர்ந்தார். "பூசைக்கு நான் விட்டது."

"தண்ணியும் போயிருச்சுப்பா. எண்ணெய் மட்டும் இல்ல."

"தண்ணிய அடிச்சவனும் நாந்தான."

அப்பா பேரிங்கைத் திரும்பப் பேப்பரில் வைத்தார்.

"அன்னைக்கு நீ அங்கனதான நின்ன. வேண்டாம்ப்பான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"பொரி," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போனார். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார்.

சாப்பிடும்போது, "ஊர்ல ஆலை மெஷினுக்கெல்லாம் இதத்தான் விடுவாவ," என்றார். குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. சாயங்காலம் வாரா."

"சொல்லப் போறியா?"

"இல்லப்பா. சர்வீஸ் பண்ணேன்னு சொல்லுவேன்."

"ம். சொல்லாத." கொஞ்சம் கழித்து, "அவ வாப்பா நம்ம கடையிலதான் எண்ணெய் வாங்குதாவ. எண்ணெய் விக்கிறவனுக்கு அத எதுல ஊத்தணும்னு தெரியலன்னு பேச்சாயிரும்," என்றார்.

"அதான் தெரியலையே," என்றாள் அம்மா.

"ஏ கனகவள்ளி, மோர் ஊத்து."

எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. சொல்லாமல் இருப்பது இனி அப்பாவுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்பா கடைக்குப் போகவில்லை. ஃபோனில் கடைப் பையனிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்தார். கண் மூடவில்லை. நான் ஃபிரீசரிலிருந்து ஒவ்வொரு உறையாக எடுத்தேன். குழியைத் துடைத்து, கிரீஸ் தடவி, பேரிங்கை நேராக வைத்து, அதன் மேல் பழைய பேரிங்கை வைத்து, சி-கிளாம்ப் என்ற இறுக்கியால் திருகி உள்ளே தள்ளினேன். உள்வளையத்தை மட்டும் அழுத்தினால் புதிய பேரிங் அன்றைக்கே பாழ். புதியதன் வெளிவளையத்தின் மேல் பழையதன் வெளிவளையம் உட்கார வேண்டும். கால் சுற்றுத் திருகுவது, சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, இன்னும் கால் சுற்று. ஐந்து மணிக்கு ஆறும் உள்ளே இருந்தன. விரலை விட்டு ஆட்டினேன். சத்தமில்லாமல் வழுவழுவென்று ஆடின. மீன் வாடை இல்லை.

போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஃபிரேமில் அச்சடித்திருந்தது. பதினான்கு நியூட்டன் மீட்டர். அதை அளக்கும் ஸ்பேனர் என்னிடம் இல்லை. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் உண்டு, அதை நம்பியிருந்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே பேட்டரி கசிந்து, பச்சை பூத்திருந்தது.

"எதுக்குத் தராசு?" கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"இந்தத் திருகு சாவில போல்ட்டிலருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டிருக்கேன்ப்பா. அந்த இடத்துல கொக்கி மாட்டி, ஏழு கிலோ நூறு கிராம் இழுத்தா சரியான முறுக்கு. கூடக் கொறைய இருக்கக் கூடாது."

அவர் எழுந்து மார்க்கெட் பையைத் திறந்தார். மூட்டை எடை சரியா என்று பார்க்க வாஷிக்குக் கொண்டுபோகும் கொக்கித் தராசு அதில் இருந்தது. உடனே கொடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டு மாட்டினார்.

"ஒண்ணு பத்து. பை பத்து கிராம். சரியாத்தான் காட்டுது."

லேபில் நாங்களும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் செய்வோம்.

நான் சாவியைப் போல்ட்டில் பிடித்துக்கொண்டேன். அப்பா கோட்டில் கொக்கியை மாட்டி, நான் சொன்ன திசையில் இழுத்தார். என் கண் சாவியில், அவர் கண் தராசில்.

"நாலு. நாலு எழுநூறு. ஆறு. ஆறு எண்ணூறு. ஏழு. ஏழு நூறு."

"போதும்."

"இன்னும் அம்பது போடட்டா? கொசுறு."

"கொசுறு வேண்டாம்ப்பா. மரை போயிரும்."

"வெறும் ஏழு நூறா. கஞ்சப்பய சைக்கிளா இருக்கே."

இரண்டாவது போல்ட்டில் ஏழு நூற்றி இருபது வந்தது. அவரே, "கூடிப் போச்சு, திரும்ப வை," என்றார். தளர்த்தி மறுபடி இழுத்தோம். மூன்றாவதில் என்னைக் கேட்கவில்லை, எண்ணைச் சொன்னார், கையை நிறுத்தினார். குழிப்பணியாரச் சட்டியில் ஒவ்வொரு குழியாகக் காலியானது.

ஆறு மணிக்குச் சக்கரத்தையும் மாட்டி சைக்கிளை நேராக நிறுத்தினேன். சீட்டை அழுத்தினேன். இறங்கியது, ஏறியது. அப்பாவும் ஒரு முறை அழுத்தினார்.

"சத்தமே இல்லியே."

அம்மாவிடம் ஒரு சுத்தமான பாட்டில் கேட்டார். அடுப்படியில் இருந்த செக்கு எண்ணெய் கேனிலிருந்து புனல் வைத்து அவரே ஊற்றினார். கழுத்தைத் துடைத்து, மூடியைத் திருகி, பேப்பரில் சுற்றி, மேசை மேல் வைத்தார்.

"அந்தப் புள்ளட்ட குடு. அவ உம்மாவுக்கு."

"என்னன்னு சொல்லிக் குடுக்க?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை.

"என்னத்தயாவது சொல்லு."

போய்விட்டார்.

ஹாஃபிஸா ஏழு பத்துக்கு வந்தாள். பெங்களூர் போய்வந்ததில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைத் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேரே சைக்கிளிடம் போனாள். முன் சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்து ஹேண்டிலை ஆட்டினாள். சீட்டை அழுத்தினாள். இன்னொரு முறை அழுத்தினாள். தலையைச் சாய்த்தாள்.

"ஏய். சத்தம் எங்க?"

"சர்வீஸ் பண்ணேன்."

பழகின மாதிரியே வந்தது.

"எங்க குடுத்த?"

"நானே. பேரிங் மாத்தினேன்."

"நீயேவா? ஆறுமா? க்யா பாத் ஹே, பிரமாதம்." குனிந்து மூட்டுகளைப் பார்த்தாள். "நான் ஜனவரில மாத்தணும்னு இருந்தேன். அவ்வளவு மோசமாவா ஆயிருச்சு? மழையில ஓட்டினியா?"

மழை என்று சொன்னால் முடிந்தது. அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். நான் தலையை ஆட்டினால் போதும். மேசை மேலிருந்த பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"என்னது?"

"எண்ணெய். அப்பா உம்மாவுக்குக் குடுத்தாங்க."

"சரி. எதுக்கு?"

அடுப்படியில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"தலைக்கு," என்றேன். "வண்டிக்கு இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. நான் பொரியிலிருந்து ஆரம்பித்தேன். பைப், துண்டு, கரண்டி, எலுமிச்சம்பழம். பிறகு நறநற. பிறகு மாட்டுங்கா கடையில் மழை என்று சொன்னது. பிறகு மத்தியானம் அப்பா முகர்ந்தது. இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசி எனக்கு வழக்கமில்லை. ஹாஃபிஸா குறுக்கே பேசவில்லை. அதுவும் வழக்கமில்லை.

முடித்தபோது அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு வாரமா தெரியுமா உனக்கு?"

"ஆமா."

"எனக்கு ஃபோட்டோ அனுப்பிக்கிட்டு இருந்த."

"ஆமா."

"நான் அந்த ஃபோட்டோவ வால்பேப்பரா வச்சிருந்தேன், தெரியுமா."

நான் தரையைப் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒரு குண்டு தெரிந்தது.

"மாமா மேல கோவம் இல்ல. அவருக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும்ல." சீட்டை இன்னொரு முறை அழுத்தினாள். "அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புவ நீ."

"ஆமா."

"நாளைக்குக் காலைல முலுண்ட் வா. நான் சரிவுல இறங்கும்போது இது கழண்டா, தூக்கிட்டு வர ஆள் வேணும்."

"கழலாது."

"அவ்வளவு கேரண்டியா?"

"ஏழு கிலோ நூறு," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதையும் விளக்க வேண்டியிருந்தது. உப்புப் பாக்கெட்டில் வரும்போது அவள் சிரித்துவிட்டாள். கொஞ்சம்தான்.

என் ஃபோன் அடித்தது. அப்பா. பின்னால் கடைச் சத்தம்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்ப்பா."

"என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன்."

அந்தப் பக்கம் யாரோ அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டார்கள். தாளைக் கிழிக்கும் சத்தம் வந்தது.

"அவ இருக்காளா அங்க?"

"இருக்கா."

"அடுத்த வருசம் பூசைக்குப் பொட்டாவது வைக்கலாமான்னு கேளு."

ஹாஃபிஸாவிடம் கேட்டேன். அவள் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"வைக்கலாம். ஒண்ணே ஒண்ணு. ஹேண்டில்ல," என்றாள். "சந்துல வேண்டாம்."

சொன்னேன்.

"சரி," என்றார் அப்பா. பிறகு, ஃபோனை வைக்காமலே, பருப்பு கேட்டவரிடம், "எவ்வளவு சொன்னிய?" என்று கேட்டார்.